வாசகர் கேள்வி – பதில்: அயல்நாட்டு மாணவர் நடுவே ஓர் ஊழியம்

கேள்வி: என் மகன் மேற்படிப்புக்காக இந்த ஆகஸ்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற்குச் செல்கிறான். விமான நிலையத்திற்கே வந்து அழைத்துப் போவதாகவும், வாடகை வீடு கிடைக்கும்வரை ஒரு குடும்பத்தோடு தங்கிக்கொள்ளலாம் என்றும் அங்குள்ள ஒரு கிறிஸ்தவ மாணவர் அமைப்பு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. முன்பின் தெரியாத இவர்கள் எதற்காக இதைச் செய்கிறார்கள்? – ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு மாணவர்களுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கும். அந்த அமைப்பு வளாகத்தில் பதிவு பெற்றதா என்று உங்கள் மகன் அந்த அலுவலகத்திற்கு எழுதிக் கேட்கட்டும். அழைக்க வருபவரின் பெயர், தொலைபேசி எண், அவர் சேர்ந்திருக்கும் சபை ஆகியவற்றை முன்னதாகவே பெற்றுக்கொள்ளட்டும். பணம் கேட்பவரையும், கடவுச்சீட்டைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்பவரையும் எந்தப் பெயரில் வந்தாலும் ஏற்க வேண்டாம். இவை சரியாக இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். இந்தப் பணிக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1909-இல் நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் பணியில் இருந்த ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நூலகப் படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஒரு சீன மாணவருக்குக் காலை வணக்கம் சொன்னார். தான் இந்த நகரத்திற்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன என்றும், தன்னிடம் முதன்முதலாகப் பேசியவர் அவர்தான் என்றும் அந்த மாணவர் பதில் சொன்னாராம். அந்தப் பதிலால் கலங்கிய எட்மண்ட்ஸும் அவருடைய மனைவியும் அயல்நாட்டு மாணவர்களை வீட்டுக்கு அழைத்து விருந்தளிக்கத் தொடங்கினார்கள். அது வளர்ந்து, ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நன்கொடையோடு 1924-இல் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்னும் பெரிய விடுதியாக எழுந்தது. இதற்கிடையே 1911-இல் அதே சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஜான் மோட்டின் முயற்சியால் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் அயல்நாட்டு மாணவர்களோடு நட்புறவு கொள்வதற்கான ஒரு குழுவும் அமைந்தது. அந்தக் குழுவினர் துறைமுகங்களுக்கே சென்று கப்பலில் வந்திறங்கும் மாணவர்களை வரவேற்று, ரயில் ஏற்றி, தங்குமிடம் தேடிக் கொடுத்தார்கள். உங்கள் மகனுக்கு வந்திருக்கும் மின்னஞ்சல் அந்தத் துறைமுகப் பணியின் தொடர்ச்சிதான்.

கேள்வி: இந்த ஊழியம் தனி இயக்கமாக வளர்ந்தது எப்போது, எதனால்? இதன் பின்னால் பெரும் பணபலம் இருக்கிறதா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நான் மேலே சொன்ன தொடக்ககால அமைப்புகள் காலப்போக்கில் எல்லா மதத்தினருக்குமான பொதுப்பணியாக மாறின. நற்செய்தியை வெளிப்படையாகப் பேசும் ஊழியம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வேர்பிடித்தது. 1941-இல் அமெரிக்காவில் முறையாகத் தொடங்கிய இன்டர்வார்சிட்டி மாணவர் இயக்கம் வளாகங்களில் வேதாகமத்தைச் சேர்ந்து படிக்கும் வேத ஆராய்ச்சிக் குழுக்களை ஏற்படுத்தியிருந்தது. 1947-இல் பல நாட்டு மாணவர் இயக்கங்கள் ஒன்றுகூடி ஐ.எஃப்.இ.எஸ். என்னும் உலகளாவிய கூட்டமைப்பை உருவாக்கின. நம் நாட்டில் 1954-இல் தோன்றிய யூ.இ.எஸ்.ஐ. என்னும் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

அயல்நாட்டு மாணவர்களுக்காகவே தொடங்கப்பட்ட அமைப்புகளுள் முதன்மையானது 1953-இல் பாப் ஃபின்லி வாஷிங்டனில் தொடங்கிய இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்ஸ் என்ற அமைப்பு. ஃபின்லி அதற்குமுன் ஆசிய நாடுகளில் சுற்றி ஊழியம் செய்தவர். புதிய ஆட்சி வந்த சீனாவிலிருந்து அயல்நாட்டு மிஷனெரிகள் வெளியேற்றப்பட்ட காலம் அது. அந்நியர் நுழைய முடியாத நாட்டுக்குள் அந்த நாட்டின் பிள்ளைகள் திரும்பிச் செல்ல முடியும் என்பதையும், அவர்களே அமெரிக்காவின் வளாகங்களில் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் அவர் கண்டார். கடல் கடந்து போய்ச் செய்த பணியைத் தன் வீட்டு வாசலிலேயே செய்யலாம் என்ற இந்த எளிய கண்டுபிடிப்பே பிற்கால வளர்ச்சிக்கெல்லாம் அடித்தளம் என்பது என் கருத்து.

அதன்பின் எண்ணிக்கை பெருகியது. 1950-களின் நடுவில் அமெரிக்காவில் இருந்த அயல்நாட்டு மாணவர்கள் சுமார் 34,000 பேர்; 2023–24 கல்வியாண்டில் அவர்கள் 11,26,690 பேர். அந்த ஆண்டு சீனாவை முந்தி முதலிடத்திற்கு வந்த இந்தியர்கள் மட்டும் 3,31,602 பேர். மாணவர் கூட்டம் பெருகப் பெருக ஊழியமும் கிளைவிட்டது. சீனக் கிறிஸ்தவர்கள் 1963-இல் தங்கள் மாணவர்களுக்கென்று தனி அமைப்பைக் கண்டார்கள். 1979-க்குப் பிறகு சீனாவிலிருந்து ஆராய்ச்சி மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். 1989 ஜூனில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கிய கொடுமைக்குப்பின், எதை நம்பி வாழ்வது என்ற கேள்வியோடு அவர்களில் பலர் வேத ஆராய்ச்சிக் குழுக்களைத் தேடி வந்தார்கள். இன்று நேவிகேட்டர்ஸ், ப்ரிட்ஜஸ் இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகளும் எண்ணற்ற உள்ளூர்ச் சபைகளும் இதே பணியில் இருக்கின்றன.

பணபலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழுநேர ஊழியர்களில் பெரும்பாலோர், தங்கள் சம்பளத்தைத் தாங்களே நண்பர்களிடமும் சபைகளிடமும் ஆதரவாகத் திரட்டிக்கொள்கிறவர்கள். பணியின் பெரும்பகுதியைச் செய்பவர்களோ சம்பளமே வாங்காத தொண்டர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தருகிறார். சபையார் பழைய மெத்தைகளையும் மேசைகளையும் சேகரித்து ஆகஸ்டில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். நவம்பரில் வரும் நன்றி கூறும் நாளன்று வளாகம் வெறிச்சோடும்போது ஒரு குடும்பம் நான்கு மாணவர்களைச் சாப்பாட்டுக்கு அழைக்கிறது. இவற்றுள் மிக அருமையானது மாணவர்களின் மனைவியருக்காகச் செய்யப்படும் பணி என்று நினைக்கிறேன். கணவரைச் சார்ந்து எஃப்-2 விசாவில் செல்லும் பெண் அங்கே வேலை பார்க்க முடியாது. கார் இல்லை, பேச ஆள் இல்லை, கணவரோ இரவு வரை ஆய்வகத்தில் இருப்பார். அப்படி நான்கு சுவர்களுக்குள் அடைபட்ட ஒருத்தியை வாரம் ஒருமுறை அழைத்துச் சென்று, கடைகண்ணி காட்டி, பிரசவ காலத்தில் தாய்போல உடனிருக்கும் பெண்கள் அந்தச் சபைகளில் இருக்கிறார்கள். அறிக்கைகளில் இடம்பெறாத இந்தப் பணியை எந்த நன்கொடையாலும் விலைக்கு வாங்க முடியாது.

கேள்வி: உதவி என்று தொடங்கி மதமாற்றத்தில் முடிப்பதுதானே இவர்களின் நோக்கம்? தனிமையில் இருக்கும் பிள்ளைகளிடம் இப்படிச் செய்வது அறமா? – வாசகர், திருச்சி

பதில்: கடுமையான கேள்வி, கேட்கப்பட வேண்டிய கேள்வியும்கூட. கிறிஸ்துவை அறிவிக்க வேண்டும் என்ற விருப்பம் இவர்களுக்கு உண்டு. அதை மறைப்பது பொய்யாகும். ஆனால் விருப்பம் இருப்பது வேறு, உதவிக்கு அதை நிபந்தனையாக்குவது வேறு. கிறிஸ்தவத்தில் நாட்டமில்லை என்று ஒரு மாணவர் தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகும் அவருக்கு அதே மேசையில் அதே இடம் இருக்கிறதா என்று பாருங்கள்; அந்த நட்பின் நேர்மை அங்கேதான் தெரிந்துவிடும். கூட்டத்தில் வேதம் வாசிக்கப்படும் என்றால் அழைப்பிதழிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவருக்கும் பன்றியிறைச்சி உண்ணாதவருக்கும் ஏற்ற உணவு இருக்க வேண்டும். வந்த மாணவர் பெயரையும் படத்தையும் அவர் அனுமதியின்றிச் சபை மடலில் அச்சிடக் கூடாது. பக்குவமான ஊழியர்கள் இவற்றைக் கடைப்பிடிக்கிறார்கள். கடைப்பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள், எத்தனை பேர் கிறிஸ்துவை ஏற்கத் தீர்மானம் எடுத்தார்கள் என்று எண்ணிக்கை காட்டும் ஆசையில் நட்பைத் தூண்டிலாக்குபவர்களை நான் ஆதரிக்க மாட்டேன். எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்களே, ஆகையால் அந்நியனிடம் அன்புகூருங்கள் என்று வேதாகமத்தில் லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அந்நியன் மனம் மாறினால் அன்புகூருங்கள் என்று அங்கே எழுதப்படவில்லை.

கேள்வி: இப்படி வெளிநாட்டில் விசுவாசத்திற்கு வந்த மாணவரால் நம் நாட்டுக்கு ஏதேனும் பயன் விளைந்ததுண்டா? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பக்த்சிங்கை நினைத்துப் பாருங்கள். பஞ்சாபில் 1903-இல் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவர், இளமையில் தன்னிடம் வந்த வேதாகமத்தைக் கிழித்தெறிந்துவிட்டு அழகான தோல் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டதாகத் தம் சாட்சியில் சொல்லியிருக்கிறார். 1926-இல் பொறியியல் படிக்க லண்டன் சென்று, பின்னர் கனடாவின் வினிபெக் நகரில் வேளாண் பொறியியல் பயின்றார். அங்கே ஜான், எடித் ஹேவர்ட் தம்பதியர் அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக் குடும்பத்தில் ஒருவராக நடத்தினார்கள். 1929 டிசம்பரில் புதிய ஏற்பாட்டை வாசிக்கத் தொடங்கிய அவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். 1932-இல் வான்கூவரில் ஞானஸ்நானம் பெற்று, 1933-இல் இந்தியா திரும்பினார். விசுவாசத்தை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளும்படி பெற்றோர் கேட்டபோது அவரால் அதற்கு இணங்க முடியவில்லை. 1941-இல் சென்னையில் அவர் தொடங்கிய யெகோவா ஷம்மா சபையும், அதே ஆண்டு டிசம்பரில் ஆரம்பித்த பரிசுத்த சபைக் கூடுகைகளும் தமிழ்நாட்டு விசுவாசிகள் பலருக்கும் பழக்கமானவை. அயல்நாட்டு மிஷன்களின் பணத்தையும் நிர்வாகத்தையும் சாராத நூற்றுக்கணக்கான சபைகள் அவருடைய ஊழியத்தால் இந்தியாவில் எழுந்தன. அந்தத் தம்பதியர் செய்தது ஒரு மாணவனுக்கு வீட்டில் இடம் கொடுத்ததுதான்.

எல்லாரும் பக்த்சிங் ஆவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்நிய நாட்டில் அன்பான சிறு குழுவில் விசுவாசத்திற்கு வந்தவர்கள், ஊர் திரும்பியதும் பெற்றோரின் வருத்தம், திருமணப் பேச்சு, வேலைப்பளு, அறிமுகமில்லாத சபை ஆகியவற்றுக்கிடையே தனித்துப்போய் விலகிவிடுவது இந்த ஊழியத்தின் பெரிய வேதனை. ஆகவே திரும்பும் முன்பே ஆயத்தப்படுத்துவதையும், சொந்த ஊரில் ஒரு சபையோடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுப்பதையும் இப்போது அமைப்புகள் முக்கியமாகக் கருதுகின்றன. அந்தத் தொடர்பின் மறுமுனையில் இருக்க வேண்டியவர்கள் நம் சபையார்தான். ஊர் திரும்பிய மகனையோ மகளையோ விசாரணை செய்யாமல், பொறுமையோடு கேட்டு ஏற்றுக்கொள்ள ஆள் வேண்டும்.

கேள்வி: நம் ஊரில் இதற்கு வாய்ப்பு உண்டா? – கல்லூரி விரிவுரையாளர், சென்னை

பதில்: உண்டு. ஒன்றிய அரசின் 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 46,000-க்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். நேபாளத்தவர் அவர்களில் அதிகம். உங்கள் கல்லூரியிலேயே ஆப்பிரிக்க நாட்டு மாணவர் ஒருவர் இருக்கலாம். வீடு வாடகைக்குக் கேட்டுப் போய் நிறத்தைக் காரணமாக வைத்து மறுக்கப்பட்டிருக்கவும் கூடும். முதலில் அவருக்கு வீடு பார்த்துக் கொடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதி உணவகம் மூடியிருக்கும் நாட்களில் வீட்டுக்கு அழையுங்கள். அமைப்பு, பெயர்ப்பலகை, பதிவு எண் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.