இரண்டு போத்தல் கேளுங்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தாடை எலும்புக் காசநோய் பற்றித்தான். யாருக்கோ வந்துவிட்டதாம், ஊரெல்லாம் அதே கதை. சரி, வெட்டியெடுத்த சதையை நுண்நோக்கியில் பார்த்து நோய் சொல்லும் வைத்தியர் என்ற முறையில் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

காசநோய் நெஞ்சில்தானே வரும்? தாடைக்கு எப்படிப் போகும்? (உவர்மலை)

பெரும்பாலும் இரத்தத்தோடு போகும். சளியில் கிருமி உள்ளவர் பல்லுக் கழற்றினால் அந்தக் குழி வழியாகவும் இறங்கலாம். அபூர்வம்தான். வந்தால் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம்.

கடைவாய்ப் பல் கழற்றி நாலு மாதம். குழி ஆறவில்லை, தாடைக்குக் கீழே சின்னத் துவாரத்தால் சீழ் கசிகிறது. மூன்று தரம் அன்டிபயோட்டிக் எடுத்தேன், கடைசித் தரம் பார்மசியில் நானே கேட்டு வாங்கினேன். இது காசநோயா? (நிலாவெளி)

வயது எழுதவில்லை. சீனி வருத்தம் உண்டா, வெற்றிலை போடுவீர்களா, எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுக்கிறீர்களா, ஒன்றும் இல்லை. நீங்களே வாங்கிய மாத்திரையின் பெயர்கூட இல்லை. பிறகு நான் எதைப் பார்த்துச் சொல்வது?

பல்லுக் கழற்றிய குழியை முரசு (ஈறு) மூட மூன்று நாலு கிழமை போதும். நாலு மாதம் என்றால் சாதாரண எலும்புச் சீழ், அக்ரினோமைக்கோசிஸ் என்ற இன்னொரு கிருமி நோய், காசநோய், புற்றுநோய் எல்லாமே பட்டியலில் உண்டு. வெற்றிலை போடுபவரென்றால் கடைசியில் சொன்னதை முதலில் பாருங்கள். இன்னொன்று: சிப்ரோ, லீவோ வகை மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். கொஞ்ச நாள் சுகம் போல இருக்கும், பரிசோதனையிலும் கிருமி ஒளித்துவிடும். நாலாவது கோர்ஸ் வேண்டாம். இந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் போய்ச் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். நிம்மதியாக இருக்கலாமா? (தம்பலகாமம்)

இல்லை. எலும்பின் சுண்ணாம்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரே காட்டத் தொடங்கும். அப்போதும் ஓட்டையைக் காட்டுமே தவிர, ஓட்டை போட்டது யார் என்று சொல்லாது.

காசநோய்க்குத் தோலில் போட்டுப் பார்க்கும் மன்டூ ஊசி 14 மில்லிமீற்றர் வீங்கியது. அப்போ உறுதிதானே டொக்டர்? (சம்பூர்)

கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்து போயிருக்கலாம், அவ்வளவுதான். இங்கே பிறந்த உடனேயே பீசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி ஏற்றுகிறோம், அதன் பங்கும் இருக்கலாம். மன்டூவை வைத்துத் தாடைக்கு நோய்ப் பெயர் சூட்டக் கூடாது.

அம்மாவின் தாடையில் சதை வெட்டி அனுப்பினார்கள். 'கிரனுலோமா, காசநோயாக இருக்கலாம்' என்று அறிக்கை. 'லாம்' என்றால் என்ன? கிருமியை வளர்த்துப் பார்க்கவில்லையா என்று கேட்டால், முடியாது என்கிறார்கள். (மூதூர்)

தங்கச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முடியாது என்பது உண்மை. வெட்டிய சதை முழுவதையும் ஃபோமலினில் போட்டிருப்பார்கள். ஃபோமலின் சதையை அழுகாமல் காக்கும், உள்ளே இருக்கும் கிருமியைக் கொன்றுவிடும். செத்த கிருமி எந்த வளர்ப்பு ஊடகத்திலும் வளராது.

நுண்நோக்கியில் நான் பார்ப்பது கிரனுலோமா, அதாவது எதிர்ப்புக் கலங்கள் கூடிய சின்ன முடிச்சு, நடுவில் பாற்கட்டி போல நொறுங்கிய பகுதி, ஓரத்தில் லாடம் போலக் கருக்கள் அடுக்கிய லாங்கான்ஸ் என்ற பெரிய கலம். காசநோய்க்கு அழகாகப் பொருந்தும். ஆனால் சில பூஞ்சைகளும் இதே கோலம் போடும். சாயம் பூசிக் கிருமியைத் தேடலாம்தான். ஆனால் மில்லிலீற்றருக்குப் பத்தாயிரம் அளவில் இருந்தால்தான் கண்ணில் படும், தாடை எலும்பில் அவ்வளவு கூட்டம் இருப்பது குறைவு. அதனால்தான் அந்த 'லாம்'.

ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஜாம் போத்தல் ஒன்று வந்தது. கழுத்துவரை ஃபோமலின், அடியில் பட்டாணியளவு சதை, மேலே ஒட்டிய தாளில் 'காசநோய் வளர்ப்புக்கு' என்று அழகான கையெழுத்து. என்ன செய்வது? இன்னொரு தரம் வெட்டச் சொன்னேன். நோயாளி வரவேயில்லை.

ஆகவே வெட்டும் முன்பே கேளுங்கள்: இரண்டு போத்தலா? ஒன்றில் ஃபோமலின், அது எனக்கு. மற்றதில் வெறும் சேலைன் (உப்புநீர்), அது கிருமி ஆய்வுகூடத்துக்கு, அன்றைக்கே போக வேண்டும். சேலைன் துண்டில் ஜீன்எக்ஸ்பேர்ட் செய்தால் இரண்டு மணித்தியாலத்தில் கிருமியின் மரபணு உண்டா, முக்கிய மருந்தான றிஃபம்பிசினுக்கு அது கேட்குமா என்று தெரியும். எக்ஸ்பேர்ட்டில் கிருமி இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது, வளர்ப்பு வேண்டும். முட்டை ஊடகத்தில் ஆறு முதல் எட்டுக் கிழமை, திரவ ஊடகத்தில் அதற்கு முன்பே. சீழைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்புவதும் வேண்டாம், பாதி கிருமி பஞ்சோடு நின்றுவிடும்.

அம்மாவுக்கு இப்போது என்ன? நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை செய்யுங்கள், அங்கே கிருமி அகப்பட்டால் பாதி வழக்கு முடிந்தது. இல்லையென்றால் இன்னொரு துண்டு கேட்பார்கள், மறுக்காதீர்கள். இரண்டு போத்தல்.

மருந்து எத்தனை மாதம்? (குச்சவெளி)

முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு இரண்டு மருந்து. நெஞ்சுக்கு ஆறு மாதம், எலும்பென்றால் ஒன்பது, பன்னிரண்டு வரை நீட்டுவதுண்டு. மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயம் வேண்டாம். சீழ் காய்ந்ததும் நிறுத்துபவர்கள்தான் திரும்பி வருகிறார்கள்.

வீட்டில் கோப்பை, பாய் எல்லாம் பிரித்து வைத்துவிட்டோம். (கிண்ணியா)

திரும்பச் சேருங்கள். காசநோய் கோப்பையால் தொற்றாது, இருமும்போது காற்றால் தொற்றும். நெஞ்சில் நோய் உண்டா என்பதை மட்டும் பாருங்கள்.

எருமைத் தயிரால் வருமாமே? (பெயர், ஊர் இல்லை)

காய்ச்சாத பாலால் மாட்டுக் காசநோய் வரும், அது பழைய கதை. காய்ச்சிய பாலில் உறைய வைத்த தயிர்ச் சட்டியை என்னிடம் அனுப்புங்கள், நான் சோதித்துச் சொல்கிறேன்.