யாருமே மறுக்காத ஊர்

அன்புள்ள அக்காவுக்கு,

சமூகப்பணி படித்துவிட்டு இப்போது ஒரு எச்.ஐ.வி. ஆய்வில் மாவட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஊர் வேண்டாம், மேற்கு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களிடம் கேள்வி கேட்டு, விரல் நுனியில் ரத்தம் எடுக்கும் சர்வே. பஸ் ஸ்டாண்டு, பைபாஸ், லாட்ஜ் தெரு என்று இடமும் நேரமும் குறித்துத் தந்திருக்கிறார்கள். என்னிடம் இரண்டு டீம். ஒன்று தினமும் எட்டுப் பேரை முடித்துவிடுகிறது. இதுவரை ஒருவர்கூட மறுக்கவில்லையாம். இன்னொன்று மூன்று, நான்கைத் தாண்டுவதில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் முடியாது என்று போய்விடுகிறார்கள். மேலிடத்திலிருந்து ஓயாமல் போன்: "அந்த டீம் மாதிரி இவங்களையும் வேலை வாங்குங்க."

ரத்தம் கொடுத்தவர்கள் "ரிசல்ட் எப்பம்மா வரும்?" என்று கேட்கிறார்கள். என் ஆட்கள் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். பேட்டிக்குப் பணம் கொடுப்பதும் லஞ்சம் போல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் இந்த மாதிரி சர்வேக்களில் வேலை பார்த்தவர் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் படித்தேன். என்ன செய்யட்டும்?

ம.

*

அன்புள்ள ம.,

இன்று சாயங்காலம் அந்த எட்டு முடிக்கிற டீமோடு போய் உட்காருங்கள். மற்ற டீமை இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஒரு பெண்ணிடம் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து, கடைசியாக எப்போது, யாரோடு, ஆணுறை போட்டீர்களா என்று கேட்டு, அப்புறம் ரத்தமும் கொடுங்கள் என்கிறாள். இதற்கு யாருமே மறுக்காத ஊர் ஒன்று இருக்கிறதென்றால் எனக்கும் பார்க்க ஆசைதான்.

அங்கே பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்துகொண்டிருக்கும். மறுத்தவர்களை எழுதாமல் விடுகிறார்கள், அல்லது தொண்டு நிறுவனத்தின் பியர் எஜுகேட்டர், அதாவது இதே தொழிலில் இருந்து மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்கிற பெண், தனக்குத் தெரிந்த பெண்களுக்கு போன் போட்டு வரவழைக்கிறார். இரண்டாவது இன்னும் மோசம். பியருக்குத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் பதிவானவர்கள், ஆணுறை வாங்கிப் போகிறவர்கள், பால்வினை நோய் பார்க்கிற சுகவாழ்வு மையத்துக்கு செக்கப்புக்கு வருகிறவர்கள். அவர்களை மட்டும் கேட்டால் திட்டம் பிரமாதம் என்றுதான் ரிப்போர்ட் வரும். யாரையும் தெரியாமல், யார் கண்ணிலும் படாமல் பைபாஸ் ஓரம் நிற்கிற புதுப்பெண் அந்தக் கணக்கில் இருக்கவே மாட்டாள். ஆபத்து அதிகம் அவளுக்குத்தான்.

உங்களுக்கு இடத்தோடு நேரமும் குறித்துத் தந்ததன் காரணமும் அதுதான். பாலியல் தொழிலுக்கென்றே பெயர்போன மும்பை காமாட்டிபுரா மாதிரி ஒரு தெருவைக் காட்டி இதுதான் என்று சொல்ல நம் ஊர்களில் முடியாது. ஒரே பஸ் ஸ்டாண்டு ஆறு மணிக்கு ஓர் இடம், ஒன்பது மணிக்கு வேறோர் இடம். வருகிற பெண்களும் வேறு. 2005க்கும் 2010க்கும் இடையில் இரண்டு சுற்றாக நடந்த ஐ.பி.பி.ஏ. என்கிற, பேட்டியும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்த எச்.ஐ.வி. ஆய்வு தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவை, சேலம், தர்மபுரி மாவட்டங்களில் நடந்தது. அதிலும் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். குறித்த நேரத்துக்குள் அந்த இடத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேர் மறுத்தார்கள், ஏற்கெனவே பேட்டி கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதுகிற எண்ணிக்கைத் தாள் ஒன்று இருக்குமே, கடைசியில் ஒவ்வொரு பதிலுக்கும் எவ்வளவு எடை, அதாவது கணக்கில் எவ்வளவு முக்கியத்துவம், தருவது என்பதை அதை வைத்துத்தான் போடுவார்கள். மறுப்புக் கட்டத்தில் சைபர் சைபராக எழுதினால் அந்தக் கணக்கே பொய்யாகிவிடும். மேலிடத்துக்கு இதை ஒரு மெயிலாக எழுதுங்கள். போனில் சொன்னால் டார்கெட் என்ற சொல்லைத் தாண்டிக் காது கேட்காது.

எண்பதுகளுக்குக் கொஞ்சம் போய் வருகிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மருத்துவ மாணவி நிர்மலா ரத்தம் சேகரித்தார். பரிசோதனை வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. சென்னையில் தனித் தெரு என்று இல்லாததால், கைதான பெண்களை வைத்திருந்த அரசுக் காப்பகத்துக்குத்தான் அவர் போக வேண்டியிருந்தது. அந்தக் கண்டுபிடிப்பு எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காப்பகத்துக்குள் இருக்கிற பெண் எங்கே போய் 'முடியாது' என்பாள்? உங்கள் பஸ் ஸ்டாண்டுப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடிகிறது. இத்தனை ஆண்டுகளில் இந்த வேலையில் நடந்த முன்னேற்றங்களில் அதையும் ஒன்றாக நான் எண்ணுகிறேன். உங்கள் மெதுவான டீம் அதை நேர்மையாக எழுதி வருகிறது.

சரி, வேகமான டீமில் எதைப் பார்ப்பது? படிவத்தில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் பாருங்கள். அப்புறம் தாண்டல் கேள்விகள். 'நிரந்தரத் துணை உண்டா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று வட்டமிட்டால் அடுத்த பத்துக் கேள்வியைக் கேட்காமலே தாண்டிவிடலாம் என்பதைப் பேட்டி எடுப்பவர்கள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவருடைய படிவங்களில் மட்டும் யாருக்குமே துணை இல்லை, யாருமே குடிப்பதில்லை, யாருமே வெளியூர் போவதில்லை என்றிருந்தால் விஷயம் புரிந்துவிடும். வீடு வீடாகப் போகிற சர்வே என்றால் மறுநாள் போய்ச் சரிபார்க்கலாம். இங்கே பேரும் இல்லை, விலாசமும் இல்லை. அதனால் சூப்பர்வைசர் அந்த நேரத்தில் அங்கேயே இருந்தாக வேண்டும்.

பேட்டி எடுக்கிற இடத்தையும் பார்த்து வாருங்கள். லாட்ஜ் ரூம் வேண்டாம். மேனேஜருக்கு எல்லாம் தெரிந்துவிடும், அவருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். நான் எப்போதும் தேடுவது தையல் கடை மாடி. ஒரு பெண் கையில் பையோடு ஏறி முக்கால் மணி நேரம் கழித்து இறங்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆபீஸிலிருந்து ஆய்வின் பெயர் போட்ட பிளக்ஸ் பேனர் அனுப்பியிருந்தால் அதைச் சுருட்டி ஜீப்பிலேயே வையுங்கள்.

விரல் நுனி ரத்தத்தைச் சொட்டவிட்டுக் காயவைக்கிற அட்டை விஷயத்தில் இரண்டுதான். வட்டம் முழுக்க ஒரே துளியில் ஊற வேண்டும், மேலே இன்னொரு சொட்டு வைக்கக் கூடாது. ஈரம் போக முழுசாகக் காய்ந்த பிறகுதான் கவருக்குள் போக வேண்டும். ஐப்பசி மழையில் இதற்கு அவசரப்பட்டால் மொத்தமும் வீண். இன்னொன்றும் உண்டு. படிவத்திலும் அட்டையிலும் ஸ்டிக்கர் ஒட்டி முடித்த பிறகே அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். பெயரே இல்லாத இடத்தில் ஸ்டிக்கர் மாறினால் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

ரிசல்ட் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும். அதுவும் ரத்தம் எடுப்பதற்கு முன்னால். உங்கள் ஆய்வின் விதிமுறையில் முடிவைத் திருப்பித் தருவதாக இல்லையென்றால், "இதில் உங்கள் பெயர் இல்லை, அதனால் முடிவு உங்களுக்கு வராது. தெரிந்துகொள்ள விருப்பமிருந்தால் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையை இலவசமாகச் செய்து பார்க்கலாம், கூட வரவும் தயார்" என்று சொல்ல வேண்டும். இதைக் கேட்டுவிட்டுச் சிலர் எழுந்து போவார்கள், போகட்டும். 'ரெண்டு வாரத்துல சொல்றோம்' என்று சொல்லி ஊசி குத்துவது ஏமாற்று வேலை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிற எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, பொதுவாக விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் பரிசோதனை செய்யக் கூடாது; பெயரில்லாத கண்காணிப்பு ஆய்வுக்கு அதில் விலக்கு உண்டென்றாலும், எதற்காக ஆய்வு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் டீமுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். சம்மதப் படிவத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்தைக் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். மொத்த ஆய்விலும் அவள் பெயர் இருக்கப்போகிற ஒரே காகிதம் அதுதான். வாய்மொழிச் சம்மதம் வாங்கி, பேட்டி எடுப்பவர் கையெழுத்திடுவது பல ஆய்வுகளில் அனுமதிக்கப்பட்ட முறை. உங்கள் நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள்.

பணம் கொடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவளுக்கு வருமானம் வருகிற நேரத்தில் முக்கால் மணியை எடுத்துக்கொள்கிறீர்கள். பாதியில் எழுந்து போனாலும் முழுத் தொகையைக் கொடுங்கள். முடித்தால்தான் பணம் என்று சொன்னால்தான் அது லஞ்சம்.

நீங்கள் கேட்காத ஒன்று. இடங்களைக் குறித்த மேப் எங்கே இருக்கிறது? பல ஆபீஸ்களில் கலர் பின் குத்திச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும். போலீஸுக்கு எஸ்.பி. ஆபீஸ் வழியாக ஒரு கடிதம் கொடுத்தால் போதும், பொது சுகாதார ஆய்வு நடக்கிறது என்று. எந்தெந்த இடம் என்ற பட்டியலை அவர்கள் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த ரெய்டுக்கு நீங்களே வழி காட்டியதாகிவிடும். இடங்களுக்கு எண் மட்டும் போட்டு, எண்ணுக்கு உரிய பெயரைத் தனி நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மேப் சுவரில் இருந்தால் நாளைக் காலை முதல் வேலையாகக் கழற்றிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா