நெற்றி உங்கள் உதட்டுக்கு எட்ட வேண்டும்

கேள்வி: பெண் குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது. பிறந்தபோது எடை 2 கிலோ 700 கிராம். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் போக வேண்டும். மார்போடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் வாங்கலாம் என்கிறார் கணவர். "பச்சைப்பிள்ளையின் காலை அகட்டிக் கட்டினால் வளைந்துவிடும்" என்கிறார் ஆச்சி. யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கால் விஷயத்தில் ஆச்சி பயப்பட வேண்டாம். வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த கால் பிறந்தபோதே வளைந்துதான் இருக்கும். இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தானே நிமிரும். தவளை போல முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து, தொடை விரிந்திருப்பதுதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது. குளிப்பாட்டிவிட்டு இரு காலையும் நீட்டிச் சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்றுகிறோமே, அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆனால் "பச்சைப்பிள்ளை" என்றாரே, அது சரி. பல கேரியர்களின் அட்டையில் குறைந்தபட்ச எடை மூன்றேகால், மூன்றரை கிலோ என்று போட்டிருக்கும். பிள்ளை நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினாலும் ஆறாவது வாரத்தில் அந்த எல்லையைத் தொட்டும் தொடாமலும்தான் நிற்பாள். எனவே முதல் பயணத்துக்கு ஆச்சியின் மடியே போதும். தடுப்பூசி போடும் இடத்தில் எடை பாருங்கள், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பிறகு பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு வாங்குங்கள்.

வாங்கும்போது விளம்பரத்தில் உள்ள பஞ்சு மெத்தையைப் பார்த்து மயங்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அது அடுப்பு. ஐந்து மீட்டர் நீளத் துணியைச் சுற்றிக் கட்டும் வகையும் வேண்டாம். கட்டி முடிப்பதற்குள் முனை பஸ் ஸ்டாண்ட் தரையைக் கூட்டிவிடும். மெல்லிய பருத்தியில், பிள்ளை வளர வளர உட்காரும் பகுதியை அகலப்படுத்தக்கூடிய பக்கிள் வகை எடுங்கள். ஆபரேஷன் பிரசவம் என்றால் இடுப்புப் பட்டை தையலில் உரசுகிறதா என்று கட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்து உட்கார வைக்கும் ஆசை, கழுத்து நன்றாக நிற்கும்வரை கூடாது.

கேரியர் வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை வைக்காதீர்கள். மூன்று கிலோ அரிசியைப் பையில் போட்டுக் கட்டி, வீட்டுக்குள் நடந்து பழகுங்கள். குனியும்போது அரிசிப் பை உடம்பைவிட்டு விலகித் தொங்கினால் பட்டை தளர்ந்திருக்கிறது. பிள்ளையை வைத்த பிறகு, தலையைக் குனிந்தால் அவள் நெற்றி உங்கள் உதட்டுக்கு எட்ட வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணில் பட வேண்டும். அவள் தாடை அவளுடைய மார்பிலேயே அழுந்தக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தாடை அழுந்தினால் மூச்சுக்குழாய் மடங்கும், அழுகைச் சத்தம்கூட வராது. நான் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான். பால் குடித்துக்கொண்டே தூங்கிவிட்டால் உடனே நிமிர்த்தி வையுங்கள்.

கேரியரோடு அடுப்படிக்குப் போகாதீர்கள். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கணவர் பைக்கோடு வந்து நின்றால், அவரை அனுப்பிவிட்டு ஆட்டோவுக்குச் சொல்லுங்கள்.