நாலாம் வகுப்பு முடித்தவனுக்கு மறுபடியும் நாலாம் வகுப்பா?

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் மொரீசியஸில் வக்குவா பக்கம் இருந்தவர்கள். வீட்டுக்காரருக்குப் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் வேலை கிடைத்து, போன டிசம்பர் (2024) கடைசியில் சேன்ட் ஆந்த்ரேக்குக் குடிவந்தோம். பையன் அங்கே கிரேடு 4 நன்றாக முடித்தவன். இங்கே செ.எம். 1 என்ற வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அதுவும் நாலாவது வகுப்புதான். மகள் கிரேடு 9 முடித்து என்.சி.இ. என்ற பொதுத்தேர்வும் எழுதியவள். அவளுக்கும் அதே கதை. 'த்ருவாசியேம்' என்று ஒன்பதாவது ஆண்டிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். ஜூனில் இன்னொரு பொதுத்தேர்வாம். கணக்கில் எப்போதும் முதலில் நிற்கும் பையன் நோட்டில் இப்போது ஒரே சிவப்பு மை. அவன் பேசும் நம் தீவுப் பேச்சுமொழியான கிரியோலைக் கேட்டு வகுப்பில் சிரிக்கிறார்களாம். மகள் 20-க்கு 12 வாங்கிக்கொண்டு வந்து அழுகிறாள். அவசரப்பட்டு வந்து பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்துவிட்டோமோ என்று ராத்திரி தூக்கமே இல்லை.
— ஒரு தாய், சேன்ட் ஆந்த்ரே

பதில்: தங்கச்சி, உன் பிள்ளைகளை யாரும் கீழ் வகுப்புக்கு இறக்கவில்லை. நானும் மொரீசியஸிலிருந்து வந்தவள்தான். வந்த பிறகு இங்கே ஒரு கொலேஜ் (ஆறாவது முதல் ஒன்பதாவது ஆண்டுவரை படிக்கும் பள்ளி) அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். ஒவ்வொரு ஜனவரியிலும் உன்னைப் போல ஒரு தாயாவது கண் கலங்கி என் மேசைக்கு முன்னால் நிற்பாள். கேள்வியும் இதே கேள்விதான்.

மொரீசியஸில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. இங்கே ஆகஸ்ட் நடுவில் தொடங்கி ஜூலை ஆரம்பத்தில் முடிகிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை வரும் கோடை விடுமுறை பள்ளி ஆண்டின் நடுவிலேயே வருகிறது. பிள்ளை எந்த வகுப்பு என்பதைப் பிறந்த ஆண்டை வைத்தே முடிவு செய்கிறார்கள். உன் பையன் 2015-இல் பிறந்தவன் என்று வைத்துக்கொள். அங்கே 2024 ஜனவரியில் கிரேடு 4 தொடங்கினான். அவன் வயதுப் பிள்ளைகள் இங்கே செ.எம். 1 தொடங்கியது 2024 ஆகஸ்டில். நீங்கள் வந்தபோது அவர்கள் பாதி வழியில் இருந்தார்கள், அந்தப் பாதியில் உன் பையன் ஏறிக்கொண்டான். வரும் ஆகஸ்டில் தன் வயதுப் பிள்ளைகளோடு செ.எம். 2 போவான். மகளுக்கும் இதே கணக்குத்தான். ஒரு வருடம்கூட வீணாகவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். அங்கே தொடக்கப்பள்ளி 6 ஆண்டு, இங்கே 5 ஆண்டுதான். ஆறாவது ஆண்டிலேயே கொலேஜ் தொடங்கிவிடும். அதிலிருந்து வகுப்பு எண் ஏறாது, இறங்கும். சிசியேம், சேங்கியேம், கத்ரியேம், த்ருவாசியேம் என்று 6, 5, 4, 3 ஆகக் குறைந்துகொண்டே போகும். ஊரில் இருக்கும் உன் மாமியார் "பேத்தி மூன்றாம் வகுப்பா படிக்கிறாள்?" என்று தொலைபேசியில் கேட்டால் பயப்படாமல் விளக்கிச் சொல்.

இனி அந்தச் சிவப்பு மைக்கு வருகிறேன். பையனின் நோட்டை எடுத்து வகுத்தல் கணக்கைப் பார். மொரீசியஸில் இங்கிலாந்து முறைப்படி, வகுக்கும் எண்ணை இடது பக்கம் போட்டு, விடையைக் கோட்டுக்கு மேலே எழுதுவோம். பிரெஞ்சுப் பள்ளியில் வகுபடும் எண் இடது பக்கம், அதற்கு அடுத்து ஒரு நேர்க்கோடு, கோட்டுக்கு வலப்பக்கம் வகுக்கும் எண், அதற்குக் கீழே விடை. 936-ஐ 4-ஆல் வகுத்தால் இரண்டு முறையிலும் 234 தான் வரும். ஆனால் ஆசிரியை வலப்பக்கம் கீழே தேடுவார், உன் பையன் உச்சியில் எழுதியிருப்பான். அப்புறம் புள்ளி. அங்கே மூன்றரையை 3.5 என்று எழுதினான், இங்கே அது 3,5. ஆயிரத்து இருநூற்று ஐம்பதை 1,250 என்று காற்புள்ளி போட்டு எழுதும் பழக்கம் இருந்தால், இங்கே அதை ஒன்றேகால் என்று படிப்பார்கள்! ஆயிரத்துக்குப் பக்கத்தில் சின்ன இடைவெளி விட்டு எழுதச் சொல். அவனுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும், எழுதுகிற விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பத்துக் கணக்கை இந்த முறையில் போட வை. எத்தனையோ பிள்ளைகள் இதற்குள் சரியாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துதான் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். எழுத்துகளைச் சேர்த்து எழுதுவதில் இங்கே பிடிவாதமாக இருப்பார்கள். நெருக்கமாகக் கோடு போட்ட அந்தத் தாளில் எந்த எழுத்து எத்தனையாவது கோடுவரை எழும்ப வேண்டும் என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு. அங்கே கணக்கும் அறிவியலும் ஆங்கிலப் புத்தகத்தில் படித்தவன் என்பதையும் மறக்காதே. பிரெஞ்சு பேசத் தெரியும், படிக்கவும் தெரியும். ஆனால் பெருக்கல், பின்னம், பரப்பளவு எல்லாம் அவன் தலையில் ஆங்கிலப் பெயரில் உட்கார்ந்திருக்கின்றன. இதை ஆசிரியையிடம் நீதான் போய்ச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தீவிலிருந்து வந்த பிள்ளை, பிரெஞ்சு நன்றாகப் பேசுகிறான் என்று பார்ப்பவருக்கு, அவன் கணக்கை ஆங்கிலத்தில் படித்தவன் என்பது தோன்றவே தோன்றாது.

20-க்கு 12 வாங்கியதற்கு மகள் அழ வேண்டாம். நூற்றுக்கு 85, 90 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது 60 போலத் தெரியும். இங்கே 10 வந்தால் தேர்ச்சி, 12 நல்ல நிலை, 16-க்கு மேல் வாங்கினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். நான் அலுவலகத்தில் இருந்த காலத்தில் 20-க்கு 20 என்ற மதிப்பெண் அபூர்வமாகத்தான் கண்ணில் படும். ஊர்ப் பழக்கத்தில் உடனே தனி டியூஷன் தேடி ஓடாதே. கொலேஜிலேயே வீட்டுப்பாடத்துக்கு உதவும் இலவச நேரம் உண்டு, பெயர் 'துவார் ஃபே'. 2017-இலிருந்து நடக்கிறது. அதில் பெயர் கொடு.

ஜூன் கடைசியில் அவள் எழுதப்போவது 'ப்ரெவே'. பிரெஞ்சு, கணக்கு, வரலாறு-புவியியல், அறிவியல் இவற்றில் எழுத்துத் தேர்வு, ஒரு வாய்மொழித் தேர்வும் உண்டு. வகுப்பில் வாங்கும் மதிப்பெண்ணும் சேரும். வரலாறுதான் அவளுக்குக் கனமாக இருக்கும். இரண்டு உலகப் போர், பிரெஞ்சுக் குடியரசு என்று அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத பாடங்கள். ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முன்னால் நிற்பாள். அந்தப் பெருமையைக் கொஞ்ச நாள் அனுபவிக்கட்டும், அந்த வயதில் அது ரொம்ப முக்கியம்.

ப்ரெவேயைவிட நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இந்த மூன்றாம் பருவத்தில் ஒரு படிவம் வரும். அடுத்து பொது லீசேயா (மேல்நிலைப்பள்ளி), தொழிற்கல்வி லீசேயா என்று பெற்றோர் விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே கிரேடு 11-இல் ஸ்கூல் சர்டிபிகேட் என்று ஒரு படி கிடையாது. லீசேயில் மூன்று ஆண்டு படித்தால் கடைசியில் பக்கலோரியா என்ற பள்ளி இறுதித் தேர்வு. பாதி ஆண்டில் வந்த பிள்ளையின் முதல் மதிப்பெண்களை மட்டும் பார்த்து, "தொழிற்கல்வி போகலாமே" என்று யாராவது சொல்லக்கூடும். தொழிற்கல்வி மட்டம் இல்லை. ஆனால் அவள் விரும்பிப் போக வேண்டும், வந்து மூன்று மாதம் தடுமாறியதற்காகப் போகக் கூடாது. வகுப்பாசிரியரிடம் நேரம் கேட்டு வாங்கி, கிரேடு 7, 8, 9 மதிப்பெண் பட்டியலையும் என்.சி.இ. முடிவையும் கையோடு கொண்டு போ. வீட்டுக்காரரும் வரட்டும். நம் ஊரில் பெற்றோர் பள்ளி வாசலோடு நின்றுகொள்வது வழக்கம். இங்கே போய் உட்கார்ந்து பேசுகிறவர்களின் பிள்ளையைத்தான் பெயர் சொல்லி நினைவு வைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே, தங்கச்சி.

நாளைக்கு மொரீசியஸுக்கே திரும்ப நேர்ந்தாலும் படிப்பு அறுந்துபோகாது. கூர்ப்பிப்பில் லா பூர்தொனே லீசேயும் மோக்காவில் மஸ்கரேஞ் லீசேயும் இதே பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில்தான் நடக்கின்றன. கட்டணம் உண்டு, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

கிரியோலுக்கு வருவோம். அவன் 'மோ' என்பான், இங்கே 'மி' என்பார்கள். இந்த வயதில் அதற்குச் சிரிக்கத்தான் செய்வார்கள். வருகிற விடுமுறைக்குள் அவனும் 'மி' என்று பேச ஆரம்பித்துவிடுவான். வீட்டில் அவன் பழைய கிரியோல் பேசினால் திருத்தாதே, பாட்டியோடு அதில்தானே பேசுகிறான். சிரிப்பு போய்க் கிண்டல், தள்ளுமுள்ளு என்று வந்தால் மட்டும் அன்றைக்கே பள்ளித் தொடர்பு நோட்டில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வாயால் சொன்னது காற்றோடு போகும், நோட்டில் எழுதியதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி: அக்கா, நான் புதுச்சேரிக்காரன். சில வருடம் மொரீசியஸில் வேலை பார்த்துவிட்டு இப்போது சேன் பியேரில் இருக்கிறேன். மொரீசியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. இங்கே விடுமுறை இல்லை. பிள்ளைக்கு விரதம் இருக்க ஆசை. பொட்டு, காப்புக் கயிறோடு பள்ளிக்கு அனுப்பலாமா? மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மொரீசியஸில் பள்ளியிலேயே தமிழ் படித்தான், அதுவும் நின்றுபோய்விட்டது.
— ஒரு தந்தை, சேன் பியேர்

பதில்: தம்பி, அரசுப் பள்ளிகளில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களைத் தடுக்கிறது. அடக்கமாக இருப்பதைத் தடுப்பதில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் சின்னப் பொட்டுக்காகவோ மணிக்கட்டுக் கயிறுக்காகவோ எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பியதில்லை. நெற்றி நிறைய விபூதிப் பட்டையை வீட்டிலும் கோயிலிலும் வைத்துக்கொள்ளட்டும். காவடியன்று வராவிட்டால், முன்கூட்டியே காரணம் எழுதிக் கொடுங்கள். வந்த பிறகு "காய்ச்சல்" என்று சொல்ல வேண்டாம். இந்தத் தீவில் காவடி என்றால் என்ன என்று தெரியாத ஆசிரியரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு, விரதம் இருக்கும் அந்தப் பத்து நாளும் மதியம் வீட்டுக்குக் கூட்டிவர முடிந்தால் நல்லது. உணவகக் கணக்கை நிறுத்திவைக்க முன்பே சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் கவலை இல்லை. பள்ளி உணவகத்தில் சோறும் பருப்பும் ருகாய் என்ற காரமான தொடுகறியும் வரும். 2019 கடைசியிலிருந்து பிரான்ஸ் முழுக்கப் பள்ளிகளில் வாரம் ஒரு வேளையாவது சைவச் சாப்பாடு போட வேண்டும் என்பது சட்டம். மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் சேர்க்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

தமிழுக்கு, கோயில்களையும் சங்கங்களையும் ஒட்டி வார இறுதி வகுப்புகள் நடக்கின்றன. விடாமல் அனுப்புங்கள். பக்கலோரியாவில் எடுக்கக்கூடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருக்கிறது. அதைப் பிள்ளையிடம் இப்போதே சொல்லிவையுங்கள். தேர்வுக்கு உதவும் என்று தெரிந்தால் சனிக்கிழமை வகுப்புக்கு முனகாமல் போவான்.

கேள்வி: பேரன் பேத்தியைப் பார்க்க போர்ட் லூயியிலிருந்து வருகிறேன். கறிவேப்பிலைக் கன்று ஒன்று கொண்டுவரலாமா? புயல் வந்தால் அங்கே என்ன செய்வார்கள்?
— ஒரு பாட்டி, போர்ட் லூயி

பதில்: அம்மா, கன்று வேண்டவே வேண்டாம். செடி, பழம், இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலையை இங்கே கலுப்பிலே என்பார்கள், சந்தையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும்.

புயலுக்கு, நம் ஊரில் 1 முதல் 4 வரை எச்சரிக்கை எண் சொல்வார்கள், இங்கே நிறம். மஞ்சள் வந்தால் அரிசி, தண்ணீர், மெழுகுவர்த்தி பார்த்து வைக்க வேண்டும். ஆரஞ்சு வந்தால் பள்ளிகளை மூடிவிடுவார்கள், ஆனால் பெரியவர்கள் வேலைக்குப் போவார்கள். அதனால் ஆரஞ்சு நாளில் பிள்ளைகளோடு வீட்டில் இருக்க உங்களைப் போல ஒருவர் இருந்தால் உங்கள் மகளுக்குப் பெரிய உதவி. சிவப்பு வந்தால் யாரும் வாசல் தாண்டக் கூடாது. அதற்கும் மேலே ஊதா. 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி கரான்ஸ் புயலுக்கு ஊதாவே அறிவித்தார்கள். காற்று நின்றதும் கூரை பார்க்க, பக்கத்து வீடு பார்க்க என்று நம் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். அறுந்த மின்கம்பி தண்ணீரில் கிடக்கும். சிவப்பை எடுத்துவிட்டோம் என்று அரசு சொல்லும்வரை உங்கள் பேரனைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.