மவுண்டன் சைக்கிள் உதிரிப்பாகக் கம்பனிகள் ஒன்றையொன்று வாங்கி, தயாரிப்பைத் தாய்வானுக்குக் கொண்டுபோன பிறகு தரம் குறைந்துவிட்டதா?

அமெரிக்காவில் செய்த பழைய ஃபோர்க் (முன் சில்லைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் கவை) ஒன்று எங்கோ விலைக்கு வந்திருக்கிறது, அதை வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாங்க வேண்டாம். ஆனால் தாய்வான் சாமான் கூடாது என்ற கதையையும் நம்ப வேண்டாம். கிளிநொச்சியில் ஐயாவின் சைக்கிள் கடையில் வளர்ந்து, இப்போது அதையே நடத்துகிறவன் சொல்கிறேன்.

1989இல் தொடங்கிய, ஃபோர்க் செய்யும் அமெரிக்கக் கம்பனியான ரொக்‌ஷொக்ஸை 2002இல் ஸ்ராம் என்ற பெரிய உதிரிப்பாகக் கம்பனி வாங்கியது. 2004இல் பிறேக் செய்யும் அவிட், பெடல் கிராங்க் செய்யும் ட்ரூவேட்டிவ் இரண்டும் அதே கைக்குப் போயின. ஃபோர்க் செய்யும் வேலை தாய்வானின் தாய்ச்சுங் நகரத்துக்குப் போனது, பின்னாளில் ஃபோர்க் செய்யும் இன்னொரு அமெரிக்கக் கம்பனியான ஃபொக்ஸும் அங்கேயே போனது. கியர் செய்யும் யப்பான் கம்பனியான ஷிமானோ 1973இலேயே சிங்கப்பூரில் தொழிற்சாலை போட்டுவிட்டது. தாய்ச்சுங்கைச் சுற்றி வார்ப்பு, குழாய், பெயின்ற் என்று எல்லா வேலைக்கும் பட்டறைகள் கிட்டக்கிட்ட இருக்கின்றன. அங்கே செய்து வரும் நல்ல சாமானில் கைவேலைக் குறை நான் கண்டதில்லை.

கைமாறும்போது அடிபடுவது பழைய மொடலுக்கான உதிரிப்பாகம்தான்.

2012இல் கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன், தான் இளமையில் ஓடிய தொண்ணூறுகளின் கியர் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் கொண்டுவந்தார். அதன் முன் ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங்குக்குப் பதில் றப்பர் மாதிரித் துண்டுகள் அடுக்கியிருக்கும். திறந்தால் அவை பிட்டு மாதிரி உதிர்ந்து கொட்டின. அண்ணா ரொறன்ரோவில் இருந்த கூட்டாளிகளுக்கெல்லாம் அழைப்பு எடுத்தார். கம்பனி கைமாறியிருந்தது. பெயர் இன்னும் விற்பனையில் இருக்கிறது, அந்த மொடலுக்கு ஒரு துண்டுகூட இல்லை. ஐயா லொறியின் சொக் அப்சோபரில் போடும் றப்பர் புஷ் ஒன்றை எடுத்து, பிளேட்டால் அளவாக வெட்டி அடுக்கினார். அண்ணா நின்ற ஒரு மாதமும் அது ஓடியது. ஐயா அதைத் "திருத்தினேன்" என்று ஒருநாளும் சொல்லவில்லை. "ஒப்பேற்றினேன்" என்றுதான் சொன்னார்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் கிழிந்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்து ஓட்டிப் பழகிய கை அது. அப்போது ஒரு வசதி இருந்தது. வன்னியில் ஓடிய சைக்கிள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, ஒன்றின் சாமான் மற்றதற்குப் பொருந்தும். இப்போது முன் சில்லின் நடுவில் இருக்கும் ஹப்பின் அகலம்கூட 100 மில்லிமீற்றராக இருந்தது 110 ஆகிவிட்டது. பழைய சில்லைப் புது ஃபோர்க்கில் அப்படியே போட முடியாது.

முன்னேற்றத்துக்கு எதிரானவன் என்று யாரும் எழுத வர வேண்டாம். டிஸ்க் பிறேக் வந்ததில் எனக்கு முழுச் சந்தோசம். பெரிய கம்பனி வாங்கியதால் தப்பிப் பிழைத்த பெயர்களும் உண்டு என்பது தெரியும். வாங்கியவர்கள் பழைய மொடலுக்கான, எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்களையும் புஷ்களையும் இன்னும் பத்து வருடம் செய்து தந்தால் போதும் என்றுதான் கேட்கிறேன்.

   

சரி, உங்கள் ஃபோர்க்குக்கு வருகிறேன். அதுதான் வேண்டும் என்றால், அந்த மொடலுக்கான சீல் செற்றை முதலில் தேடி வாங்குங்கள். அது கைக்கு வந்த பிறகு ஃபோர்க்குக்குக் காசு கொடுங்கள்.