உயரம் கூட்டிய பழைய ஜீப்பில் ஸ்டீயரிங் ஆட்டம்: எங்கே பார்ப்பது?

பழைய ஜீப்பை 2 இன்ச் தூக்கிப் பெரிய டயர் போட்ட பிறகு ஸ்டீயரிங் நாலு விரல் அளவு சும்மா ஆடுகிறது, ஸ்டீயரிங் பாக்ஸையே (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் கியர் பெட்டி) மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி, பாக்ஸில் கை வைப்பது கடைசி வேலை.

ஜாக்கி போடாமல், நான்கு டயரும் தரையில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்ட, நீங்கள் கீழே படுத்து டிராக் லிங்க் (பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போகும் தண்டு), டை ராடு (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) முனைகளை ஒவ்வொன்றாகப் பொத்திப் பிடியுங்கள். அந்த முனைகளில் இருக்கும் குண்டு மூட்டுதான் பால் ஜாயின்ட்; தேய்ந்திருந்தால் 'டக் டக்' என்று உள்ளங்கையிலேயே சொல்லிவிடும். பாக்ஸைச் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிடித்திருக்கும் போல்ட்டையும் பாருங்கள். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறி இறங்கிய என் வண்டியில் அதுதான் லூஸ். அது தெரிவதற்குள் ஒரு பால் ஜாயின்ட்டுக்குக் காசு அழுதிருந்தேன்!

அப்புறம் முன்சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு).

தேய்ந்த ஜாயின்ட்டுக்கு வெல்டிங் வைத்து ஒப்பேற்ற வேண்டாம், மாற்றுங்கள். புது ஜாயின்ட்டின் நட்டை இறுக்கிய பின் ஸ்பிலிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி) துளை நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்க வேண்டும், தளர்த்தவே கூடாது. டோ-இன் (முன்சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் தானாக வெட்டுகிறதா? அது தேய்மானம் இல்லை. வண்டியை உயர்த்தியதில் டிராக் லிங்க் சாய்ந்துவிட்டது. அந்தக் கோணத்தைக் குறைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஆட்டம் மிச்சமிருந்தால், சக்கரத்தை நேராக வைத்து பாக்ஸின் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். அதிகம் இறுக்கினால் வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது.