ஆறு கோழிக்கு எந்த ரகம்?

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பதினோரு வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு, போன தை மாதம் கோபிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரின் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. இரண்டு வேப்ப மரம், ஒரு முருங்கை, சுற்றிலும் கிளுவை வேலி. மாமா, அத்தை, நாங்கள் இருவர், பையன் என்று ஐந்து பேர். வீட்டு முட்டைக்கு ஐந்தாறு கோழி வளர்க்கலாம் என்று ஆசை.

யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழிதான் கோழி, மற்றதெல்லாம் கோழியே இல்லை என்கிறார் மாமா. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கிராமப்பிரியா என்கிறார். ஒரு பண்ணைக்காரர், கருங்கோழி வாங்குங்கள், அதன் முட்டையே மருந்து என்கிறார். வீட்டுக்காரரோ, நாமக்கல் கோழிதானே தினமும் முட்டை போடுகிறது, அதையே வாங்கிவிடலாமே என்கிறார். அத்தைக்குக் கோழி என்றாலே வாசல் நாறும் என்ற பயம். சேவல் இல்லாமல் முட்டை போடுமா என்றுகூட எனக்குச் சந்தேகம். இதுவரை கோழியைக் கையில் பிடித்ததுகூட இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

சேவல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். முட்டை போடுவதற்குச் சேவல் வேண்டியதில்லை. நாமக்கல் பண்ணைகளில் கூண்டுக்குள் இருக்கும் லட்சக்கணக்கான கோழிகள் ஆயுசுக்கும் ஒரு சேவலைப் பார்த்ததில்லை. குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல். முதல் வருடம் அது இல்லாமலே ஆரம்பியுங்கள். விடியற்காலை நாலு மணிக்குச் சேவல் கூவுவது கதையில் படிக்க நன்றாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி இருக்காது.

இனி ரகம். உங்களுக்கு யோசனை சொன்ன நான்கு பேரும் நான்கு வேறு காரியத்துக்குக் கோழி சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மாமா சின்ன வயதில் பார்த்த கோழி தானே மேய்ந்தது, தானே அடை உட்கார்ந்தது, சாயங்காலம் பத்துக் குஞ்சோடு கொடாப்புக்குள் வந்து அடைந்தது. விருந்தாளி வந்தால் அடிக்க, கைமுடைக்குச் சந்தையில் விற்க, சாமிக்கு நேர்ந்துவிட என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கோழிதான். அது வருடத்துக்கு எத்தனை முட்டை போடுகிறது என்று யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்கு வேண்டியது தோசைக்கல்லில் உடைத்து ஊற்ற முட்டை. அப்படியென்றால் எண்ணித்தான் ஆக வேண்டும்.

சிறுவிடைப் பெட்டை ஒரு சுற்றில் 12 முதல் 15 முட்டை போடும். தினமும் போடாது, இடையிடையே நாள் விட்டுப் போடும் என்பதால் மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடை. அது 21 நாள். குஞ்சு பொரித்து, அதைக் கூட்டிக்கொண்டு மேய்ந்து, கொத்தி விரட்டும் வரை இரண்டு மாதம். ஆகச் சுற்று ஒன்றுக்கு நூறு நாள். வருடத்துக்கு மூன்றரைச் சுற்று, ஐம்பது முட்டை. முட்டைகளை அன்றன்றே எடுத்து, அடையையும் கலைத்துக்கொண்டே இருந்தால் எழுபது, எண்பது வரை போகலாம். ஆறு கோழி வைத்தாலும் நாளொன்றுக்கு ஒரு முட்டைக்குக் கொஞ்சம் மேலே. ஐந்து பேர் வீட்டில் அந்த ஒரு முட்டை யாருக்கு?

அடை கலைப்பது என்றேன். எங்கள் அம்மாயி அதில் கைதேர்ந்தவர். ஆள் பக்கத்தில் போனாலே இறகைச் சிலிர்த்துக்கொண்டு கிர்ரென்று சீறும் அடைக்கோழியை அள்ளிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டித் தண்ணீரில் இரண்டு முக்கு முக்கி வெயிலில் விடுவார். அடங்கவில்லை என்றால் வாலில் பழந்துணியைக் கட்டிவிடுவார். அது தன் வாலைப் பார்த்தே பயந்து நாள் முழுக்கத் தோட்டத்தைச் சுற்றும். அப்போது எனக்குச் சிரிப்பு. வயிற்றுச் சூட்டைக் குறைத்தால் அடை எண்ணம் கலையும் என்பது அந்தத் தொட்டித் தண்ணீரில் இருந்த விஷயம் என்று பிற்பாடுதான் புரிந்தது. இப்போதெல்லாம் அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில் மூன்று நாலு நாள் தீவனமும் தண்ணீரும் வைத்து அடைத்தாலே போதும் என்கிறார்கள். அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அடை உட்காரும் கோழி முட்டை போடாது. இந்த ஒரு குணத்தில்தான் ரகங்கள் எல்லாம் பிரிகின்றன. முட்டைக்கென்று கோழி வளர்த்தவர்கள் அடை உட்காருவதை ஒதுக்கி ஒதுக்கி, உட்காராததை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தை ஆங்கிலேயர் லெகார்ன் என்று அழைத்தார்கள். அங்கிருந்து கப்பலேறிய வெள்ளைக் கோழிக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. நம் ஊர் வாயில் அது லகான் கோழி ஆகி, கடைசியில் பல்லடத்துக் கறிக்கோழியையும் சேர்த்தே லகான் என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. நாமக்கல்லில் இன்று இருப்பது அந்த வெள்ளை லெகார்ன் வழியில் வந்த கலப்பினம். வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் போடும். அடை என்பதையே மறந்துவிட்ட பிறவி.

அப்படியானால் வீட்டுக்காரர் சொல்வதுதானே சரி? கணக்கில் சரி. ஆனால் அந்த 300 முட்டை கோழியிலிருந்து மட்டும் வருவதில்லை, தீவன மூட்டையிலிருந்தும் வருகிறது. நாளொன்றுக்கு ஒரு கோழிக்கு 110 கிராம் அளவில் முட்டைக்கோழித் தீவனம் தவறாமல் விழ வேண்டும். ஆறு கோழிக்கு மாதம் 20 கிலோ. கம்பும் சோளமும் இறைத்துவிட்டு, மீதியை அது மேய்ந்துகொள்ளும் என்று விட்டால் ஒரு மாதத்தில் முட்டை நிற்கும், அல்லது ஓடு தோலாகும். வளர்ந்த கோழியாகப் பண்ணையிலிருந்து வாங்கினால் பெரும்பாலும் அலகு நுனியை வெட்டியிருப்பார்கள். கிளறி மேயப் பிறந்த பறவைக்குக் கிளறியதைப் பொறுக்கவே கஷ்டம். ஒன்றரை வயதில் பண்ணை கழித்துவிடும் கோழியை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல முட்டையெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அது உங்கள் வாசலுக்கு வருகிறது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பேச்சுக்கு வருவோம். புறக்கடைக்கென்றே ஹைதராபாதில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ரகம் கிராமப்பிரியா. அதே நிலையத்தின் வனராஜாவையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொதுவானது, உடம்பு கனம். கிராமப்பிரியா முட்டைப் பக்கம் சாய்ந்தது. பகலில் மேய விட்டு, காலையும் மாலையும் கொஞ்சம் தீவனம் கொடுத்தால் வருடத்துக்கு 160, 180 என்று பழுப்பு முட்டை போடும். ஆறு கோழிக்கு நாளொன்றுக்கு இரண்டரை, மூன்று முட்டை. ஆனால் அதுவும் கலப்பினம்தான். அதன் முட்டையை அடை வைத்துக் குஞ்சு எடுத்தால் தாயைப் போலவே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. கோழிக்கு வயதானால் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

கருங்கோழி. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாப் பக்கத்துக் கடக்நாத் அது. 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல், கறி, எலும்பு வரை கருப்பு. பார்க்க அழகுதான், அதை நான் மறுக்கவில்லை. முட்டை மட்டும் கருப்பில்லை, சாதாரண வெளிர்பழுப்புதான். வருடத்துக்கு எண்பதிலிருந்து நூறுக்குள். அடை உட்காருவதிலும் அவ்வளவு சுகமில்லை. ஆக நாட்டுக்கோழி அளவுக்கு முட்டை, லகான் அளவுக்கு அடை! மருந்து என்ற பேச்சை நான் நம்பவில்லை. விலையில்தான் மருந்துக்கடை வாடை அடிக்கிறது. இன்னொன்று, அந்தப் பண்ணைக்காரர் "குஞ்சை வாங்கிக்கொள்ளுங்கள், முட்டையை நாங்களே திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்று பேச்சை நீட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டத்தை நம்பிப் பணம் போட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று உங்கள் மாமாவைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் சொல்வார்.

பெருவிடையை யாரும் உங்களிடம் சொல்லவில்லை, அதுவரை சந்தோஷம். சண்டைச்சேவல் வம்சம் அது. பொங்கலுக்குச் சேவற்கட்டு பார்க்கப் பூலாம்வலசுக்குப் போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். முட்டைக்கு ஆகாது, பெட்டையும் மற்ற கோழிகளைக் கொத்தி ஓரம்கட்டும்.

முட்டை நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழுப்பாக இருந்தால் நாட்டு முட்டை என்று கடைகளில் கூடுதல் விலை வைக்கிறார்கள். ஓட்டு நிறம் ரகத்தைப் பொறுத்தது, உள்ளே சத்தில் அதனால் வித்தியாசம் வராது. உண்மையான சிறுவிடை முட்டை பெரும்பாலும் சின்னதாக, வெளிர்க் கிரீம் நிறத்தில் இருக்கும். அடர்பழுப்பாக, பெரிதாக, எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அது ஏதோ கலப்பினப் பண்ணையிலிருந்து வந்தது. மஞ்சள் கரு அடர்ந்த நிறமாக இருப்பது கோழி தின்ற கீரையாலும் மக்காச்சோளத்தாலும்தான். உங்கள் முருங்கைக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.

என்னைக் கேட்டால் நாலு கிராமப்பிரியா, இரண்டு சிறுவிடை. நாலும் சேர்ந்து நாளுக்கு ஏறக்குறைய இரண்டு முட்டை கொடுக்கும். இரண்டு சிறுவிடை மாமாவுக்காக. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த வருடம் குஞ்சு வேண்டும் என்று தோன்றினால் அடை உட்கார வீட்டில் ஒரு கோழி இருக்க வேண்டும், மின்சாரப் பொரிப்பான் வாங்கத் தேவையில்லை. சேவல் இல்லாவிட்டாலும் தெரிந்த வீட்டில் பத்து நாட்டு முட்டை வாங்கி அதன் அடியில் வைத்துவிடலாம். தவிர, பருந்து நிழல் தரையில் விழுந்த உடனே குரல் கொடுப்பது சிறுவிடைதான். மற்றவை அதைக் கேட்டு வேலிக்குள் ஓடப் பழகிக்கொள்ளும்.

ரகத்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது வயது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் தடவை ஒரு சந்தையில் கூடைக்காரர் ஒருவரிடம் "எல்லாம் சுத்த நாட்டுப் பெட்டைங்க" என்ற வாக்கை நம்பிப் பத்துக் குஞ்சு வாங்கினேன். ஒரு வாரத்துக்குள் இரண்டு செத்தது. மூன்றாவது மாதம் ஒவ்வொன்றாகக் கொண்டை சிவக்க ஆரம்பித்தது. மிஞ்சிய எட்டில் ஏழு சேவல். முட்டைக்கோழிக் குஞ்சுப் பண்ணைகளில் ஆண் குஞ்சு வேண்டாத சரக்கு. அது கூடையில் ஏறி, சில நேரம் பச்சை ரோஸ் சாயமும் ஏறி, நம்மிடம் வந்துவிடுகிறது. ஒரு நாள் குஞ்சில் ஆண் பெண் பார்ப்பது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே உரியது. குஞ்சுக்கு முதல் சில வாரம் பல்பு வெளிச்சத்தில் சூடு கொடுக்க வேண்டும், கரண்ட் போனால் விழித்திருக்க வேண்டும். முதல் தடவைக்கு அது வேண்டாம். பத்து, பன்னிரண்டு வார வெடைக்கோழியாக, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டையாக வாங்குங்கள். பெட்டை எது என்று கண்ணால் பார்த்தே எடுக்கலாம். விலை கூடத்தான் இருக்கும். ஆறையும் ஒரே நாளில் கொண்டுவந்து விடுங்கள். பிறகு ஒன்றிரண்டாகச் சேர்த்தால் பழையது புதியதைக் கொத்தும். ஐந்தரை, ஆறு மாதத்தில் கிராமப்பிரியா முட்டைக்கு வரும், சிறுவிடை கொஞ்சம் தாமதிக்கும்.

வாங்கும்போது "தடுப்பூசி போட்டாச்சுங்களா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ஆமாங்க என்றுதான் பதில் வரும். முதல் வாரம் கண்ணில் சொட்டு விட்டார்களா, எட்டாவது வாரம் வெள்ளைக் கழிச்சலுக்கு இறக்கையடியில் ஊசி போட்டார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்தக் கழிச்சல் வந்தால் மருந்து கிடையாது, ஒரு வாரத்தில் கூடு காலி. தடுப்பு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கு வரும், கலக்கினால் இரண்டொரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆறு கோழிக்காக ஒரு குப்பியை உடைப்பது வீண். கால்நடைத் துறை வருடந்தோறும் பிப்ரவரியில் ஊர் ஊராக இலவசமாகப் போடுகிறது. அன்றைக்குக் காலையில் கோழியைத் திறந்துவிடாமல் வைத்திருந்தால் போதும். திறந்துவிட்டால் அப்புறம் தெருவே கோழி பிடிக்க ஓடும்.

அத்தையின் பயம் நியாயம்தான். நாறுவது ஈரத்தால். கூட்டுக்குள் நிலக்கடலைத் தோலை நாலு விரல்கடை கனத்துக்குப் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள், தண்ணீர்ச் சட்டியை மட்டும் வெளியே வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அள்ளினால் முருங்கைக்கும் வேம்புக்கும் எருவாகும். ஆறு கோழிக்கு உள்ளே 12, 15 சதுர அடி தாராளம், குறுக்கே ஒரு கழி, ஓரத்தில் இரண்டு முட்டைப் பெட்டி. கீரியும் மரநாயும் ராத்திரியில் வரும், அதனால் வலைக்கம்பி சின்னக் கண்ணாக இருக்கட்டும், கதவுக்குக் கொக்கி இருக்கட்டும். கூட்டை வேப்ப மரத்தடியில் வையுங்கள். சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்து இரைத்தால் முட்டை குறையும், ஓடும் மெலியும். கூட்டின் வாயை மட்டும் மேற்கே வைத்துவிடாதீர்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து கடலைத் தோல் முழுவதையும் அத்தையின் வாசலில் கொட்டிவிடும்.